கோணிய கையொப்பமும் கழுத்தெலும்புத் தேய்வும்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஏடுகளைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு செய்தபோது, நூல் வழங்கற் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் கையொப்பம் என் கண்ணை உறுத்தியது. தை மாதத்தில் அச்சுக் கோத்தாற்போல் இருந்த எழுத்துக்கள் ஆடி மாதத்தில் கோணத் தொடங்கி, ஐப்பசியில் கோழி கிளறிய மண்போல் ஆகியிருந்தன. பங்குப் பதிவேட்டில் இருந்த மாதிரி ஒப்பத்தோடு வைத்துப் பார்த்தேன். பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறொன்றும் ஒத்து வரவில்லை. வேறு யாரோ அவர் பெயரில் நூல் பெற்றுச் செல்கின்றனர் என்று முடிவு கட்டி, ஆட்சேபணைக் குறிப்பு ஒன்றை எழுதிவிட்டு வந்தேன். அக்குறிப்பின் காரணமாகச் சங்கத்தார் அவருக்குப் பாவும் ஊடையும் வழங்குவதை நிறுத்தி வைத்தனர். ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் வீட்டுத் தறி ஓடவில்லை.

அடுத்த ஆய்வின்போது அவரே நேரில் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகல வைத்து ஏறினார். சட்டையின் மேற்பொத்தான் இரண்டும் போடப்படாமல் இருந்தன. நான் பதிவேட்டைக் காட்டி, "பெரியவரே, இது நீங்கள் இட்ட ஒப்பமா?" என்று கேட்டேன். "நான் இட்டதுதான் ஐயா. என் ஒப்பம் மாறவில்லை, விரல்தான் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது" என்றார். பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியவில்லை என்றும், மனைவியார்தாம் முடிந்து தருகிறார் என்றும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற மறந்ததாக எண்ணிக் குனிந்து பார்த்தால் காலில் செருப்பே இல்லை என்றும் சொன்னார். வலி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வலி இல்லாமையால்தான் அவர் ஓராண்டுக் காலம் யாரிடமும் காட்டாமல் இருந்துவிட்டார்.

பின்னர்த் திருச்சியில் படமெடுத்துப் பார்த்தபோது, அவருடைய கழுத்தெலும்புகள் தேய்ந்து, உள்ளே செல்லும் தண்டுவடம் மூன்று இடங்களில் நசுங்கியிருந்தது தெரிந்தது. ஒரு மருத்துவர் கழுத்தின் முன்புறமாக அறுக்கலாம் என்றார்; மற்றொருவர் பின்புறமாக அறுக்கலாம் என்றார். குடும்பத்தார் திகைத்தனர். அக்காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து, "படித்தவராயிற்றே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றனர். நான் மருத்துவம் கற்றவனல்லன், வணிகவியல் பட்டதாரி. எனினும் என் குறிப்பால் ஒரு தறி இரண்டு மாதம் நின்றது என்னும் கூச்சம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மருத்துவ நண்பர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் அறிந்தவற்றை, நெசவும் வேளாண்மையும் செய்யும் நம் அங்கத்தினர்கள் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடையே மெத்தை போன்ற இடைத்தட்டு உண்டு. எலும்புகளின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு குழல் செல்கிறது. அதனுள்தான் மூளையிலிருந்து கைகால்களுக்கு ஆணை கொண்டு செல்லும் தண்டுவடம் உள்ளது. நல்ல உடலில் இக்குழலின் முன்பின் அகலம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். அது 13 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறுகிய குழல் என்கின்றனர். வயது ஏற ஏற இடைத்தட்டு வற்றித் தாழ்கிறது; எலும்பின் விளிம்பில் முள்போல் வளர்ச்சி தோன்றுகிறது; பின்புறத்துத் தசைநார் தடித்து உள்நோக்கி மடிகிறது. இவை யாவும் சேர்ந்து குழலை நெருக்குகின்றன. ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையிலும் ஆறாம் ஏழாம் எலும்புகளுக்கு இடையிலும் இது மிகுதியாக நேர்கிறது. கழுத்தின் வளைவும் அசைவும் மிகும் இடம் அதுவே. ஐம்பதைக் கடந்த பலருடைய படத்தில் இத்தேய்வு தெரியும். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு குறையும் இன்றி வாழ்கின்றனர். தண்டுவடம் நசுங்கும்போதுதான் அது நோயாகிறது. இவ்வாறு நசுங்குதலால் வரும் நோயை 1952இல் இங்கிலாந்தில் பிரெயின், நார்த்ஃபீல்டு, வில்கின்சன் என்னும் மூவரும் விரிவாக விளக்கி எழுதினர். அதற்கு முன் பலருக்கு இது வாதநோய் என்றே சொல்லப்பட்டு வந்தது.

தலையின் பாரத்தைக் கழுத்து எவ்வாறு தாங்குகிறது என்பதை நம் நாட்டு அறிஞர் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். குஜராத்தின் ஜாம்நகர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் துறையில் இருந்த ஜி. பி. பால், ரௌதல் என்பவருடன் சேர்ந்து 1986இல் எலும்புகளை ஆராய்ந்தும், பின்னர் 1988இல் அமெரிக்க மருத்துவர் ஷெர்க்குடன் சேர்ந்து சோதித்தும் கண்ட முடிவு இது: கழுத்துக்கு மூன்று தூண்கள் உள்ளன. முன்னே எலும்புகளும் இடைத்தட்டுகளும் அடுக்கிய தூண் ஒன்று. பின்னே வலமும் இடமுமாக மூட்டுகள் அடுக்கிய தூண்கள் இரண்டு. பாரத்தில் நூற்றுக்கு 36 பங்கை முன்தூணும், 32 பங்கைப் பின்தூண் ஒவ்வொன்றும் சுமக்கின்றன. அடுப்பின் மூன்று கற்களைப்போல் இவை ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. இதை நினைவிற் கொண்டால் பின்னே நான் சொல்லப்போகும் அறுவை முறைகளின் நன்மை தீமைகள் எளிதில் விளங்கும். ஏனெனில் எந்த மருத்துவரும் தண்டுவடத்தை விடுவிக்க வேண்டுமானால், இத்தூண்களில் ஒன்றையோ, தூண்களை இணைக்கும் பின்புறக் கூரையையோ தொட்டே ஆக வேண்டும்.

நம் தொழில்கள் இத்தூண்களை எவ்வளவு வருத்துகின்றன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது அது தூண்களின் மேல் நேராக அமர்கிறது. குனிந்தால் ஏற்ற மரத்தின் முனையில் தொங்கும் சால்போல் முன்னே போய்விடுகிறது. பிடரித் தசைகள் பின்னின்று இழுத்துப் பிடிக்கின்றன. அவ்விழுப்பும் பாரத்தோடு சேர்ந்து எலும்பின்மேல் இறங்குகிறது. அமெரிக்க மருத்துவர் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் 18 கிலோவும் 60 பாகை குனிந்தால் 27 கிலோவும் விழுகின்றன. இது கணிப்பேயன்றி அளந்து கண்டதன்று. எனினும் கூட்டல் எத்திசையில் போகிறது என்பதற்கு ஐயமில்லை. இலையூரிலும் வாரியங்காவலிலும் குழித்தறியில் அமர்ந்து சரிகைப் புட்டாவின்மேல் கண் பதித்து நாள் முழுதும் குனிந்திருக்கும் நெசவாளருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேளாண் அங்கத்தினர் நிலை வேறு. பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காய மூட்டையும் மக்காச்சோள மூட்டையும், அரியலூர்ப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை மூட்டையும் இன்றும் பல களங்களில் சும்மாட்டின்மேல் ஏறித்தான் வண்டிக்குப் போகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் தலைச்சுமை சுமப்போர் 35 பேரையும் சுமவாதோர் 35 பேரையும் படமெடுத்து ஒப்பிட்டு 1997இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சுமப்போரில் 31 பேருக்கும் மற்றவரில் 8 பேருக்கும் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. சிறிய எண்ணிக்கைதான்; ஆயினும் வேற்றுமை பெரிது. ஓர் ஆண் தொழிலாளி கையாலும் தலையாலும் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. நம் விற்பனைச் சங்கங்கள் ஒரு தள்ளுவண்டி வாங்குவதற்கு எத்தனை தீர்மானம் வேண்டும் என்று நான் சில சமயம் வியப்பதுண்டு. அது வேறு கதை.

இனி நோயின் அடையாளம். கழுத்து வலியை மட்டும் கொண்டு இதை அளக்கலாகாது. விரல்களின் நுணுக்கம் முதலில் போகிறது: பொத்தான் போடுதல், முடிச்சிடுதல், நாணயம் எண்ணுதல், எழுதுதல். பிறகு நடை தடுமாறுகிறது, கால் கனக்கிறது, சிறுநீர் அடக்க முடிவதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஓனோவும் அவர் குழுவினரும் 1987இல் ஓர் எளிய சோதனையை எழுதினர். கையை இறுக மூடி முழுதும் விரிக்க வேண்டும். 10 விநாடிக்குள் 20 முறையேனும் அவ்வாறு செய்ய இயல வேண்டும். அதற்குக் குறைந்தால், அல்லது சுண்டுவிரல் தானாக விலகி நின்றால், தண்டுவடத்தில் கோளாறு இருக்கக் கூடும். நான் சொன்ன பெரியவர் 11 முறைதான் செய்தார். இந்நிலையில் முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பது மிகுந்த ஆபத்து. நசுங்கிய தண்டுவடம் அந்த ஒரு நொடியில் முற்றும் பழுதாகக் கூடும்.

தண்டுவடம் மெய்யாகவே நசுங்கிக் குறிகள் வளர்ந்து வருமாயின், மாத்திரையும் கழுத்துப்பட்டையும் அதனை விடுவிக்க மாட்டா. அறுவைதான் வழி. முன்வழி, பின்வழி என அது இருவகைப்படும்.

முன்வழி அறுவைக்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த ராபின்சனும் ஸ்மித்தும். அவர்கள் 1955இலும் 1958இலும் தம் முறையை வெளியிட்டனர். 1958இலேயே ஹவாய்த் தீவில் கிளவார்டு என்பவரும் ஒரு முறையை வெளியிட்டார். தொண்டைக்குப் பக்கத்தில் சிறிதாகக் கீறி, உணவுக் குழலையும் மூச்சுக் குழலையும் ஒருபுறமும் பெரிய இரத்தக் குழாயை மறுபுறமும் ஒதுக்கி, கெட்ட இடைத்தட்டை எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி அங்கே செருகுவார்கள். நாளடைவில் மேலெலும்பும் கீழெலும்பும் அத்துண்டோடு சேர்ந்து ஒரே எலும்பாகிவிடும். கிளவார்டு துளையிட்டு உருளை வடிவத் துண்டைச் செருகினார். ஸ்மித்தும் ராபின்சனும் குதிரை லாடம் போன்ற துண்டை வைத்தனர். தச்சர்க்கு இவ்வேற்றுமை உடனே விளங்கும். எலும்பின் மேல்தகடு கெட்டியான ஓடு. உட்பகுதி கடற்பஞ்சுபோல் மெத்தென்றது. உருளைக்காகத் துளையிடும்போது ஓடு அறுபடுகிறது. துண்டு நாளடைவில் உள்ளே புதைந்து கழுத்து முன்னே மடங்கக் கூடும். லாடத் துண்டோ ஓட்டின்மேல் அமர்கிறது. சோதனைச் சாலையில் நசுக்கிப் பார்த்தபோது லாடத் துண்டு ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தைத் தாங்கிற்று. இத்தகைய கணக்குகளையெல்லாம் தொகுத்து யேல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஒயிட், பொறியியலாளர் மனோகர் பஞ்சாபி என்னும் இருவரும் 1978இல் எழுதிய நூல் இன்றும் இத்துறையினர்க்கு அடிப்படை நூலாக உள்ளது.

முன்வழி முறையின் நன்மை வெளிப்படை. நெருக்கும் முள் பெரும்பாலும் முன்புறத்திலேயே இருப்பதால் அதை நேரே எடுத்துவிடலாம். பிடரித் தசைகளைத் தொடுவதில்லை. மடங்கிய கழுத்தை நிமிர்த்தவும் இயலும். விலையும் உண்டு. ஒரு மூட்டு அசையாமற் போனால் அதன் அசைவை அண்டை மூட்டுகள் சுமக்கின்றன. கூட்டுக் கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர் சுமப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். 2002இல் எக் என்பவரும் அவர் குழுவினரும் சோதனைக்கு எடுத்த கழுத்துகளில் ஐந்தாம் ஆறாம் எலும்புகளைத் தகடிட்டு இணைத்து முன்னே வளைத்துப் பார்த்தனர். மேலண்டை இடைத்தட்டில் அழுத்தம் நூற்றுக்கு 73 பங்கும், கீழண்டை இடைத்தட்டில் 45 பங்கும் மிகுந்தது. உயிருள்ளாரிடம் இதன் பயன் என்ன? ஹிலிபிராண்டு என்பவரின் குழு முன்வழி அறுவை பெற்ற 374 பேரைத் தொடர்ந்து பார்த்து 1999இல் எழுதியது: அண்டை மூட்டின் கேட்டால் ஆண்டுக்கு நூற்றில் ஏறக்குறைய மூவருக்குப் புதிய நோய்க்குறிகள் தோன்றுகின்றன, பத்தாண்டில் நால்வரில் ஒருவருக்கு இது நேரும். இதில் அறுவையின் பங்கு எவ்வளவு, இயற்கைத் தேய்வின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் வழக்கு உண்டு. இணைக்காமல் உலோகத்தாலான அசையும் தட்டைப் பொருத்தும் முறை, அமெரிக்க அரசு 2007இல் அவ்வகைத் தட்டு ஒன்றுக்கு அனுமதி அளித்த பின் பரவியது. அசைவு காக்கப்படுகிறது என்பது மெய். ஆனால் பின்தூண்கள் தேய்ந்து போனவர்க்கு அது பொருந்தாது. நம் அங்கத்தினர் பலர் மருத்துவரிடம் செல்வதோ அந்நிலைக்குப் பிறகுதான்.

எலும்பின் நடுப்பகுதியே தண்டுவடத்தை நெருக்கினால் இடைத்தட்டை மட்டும் எடுத்துப் பயனில்லை. எலும்பின் நடுவே வாய்க்கால்போல் வெட்டியெடுத்து, அந்த இடைவெளியில் இடுப்பெலும்பையோ கணைக்காலின் மெல்லெலும்பையோ முட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே நாம் பெருமையுடன் குறிப்பிடத் தக்கது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே தொடங்கிய துறையே இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை; அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி ஒரு துறையைத் தொடங்கினார். வேலூரில் வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள், ஒன்றிரண்டு எலும்புகளளவில் இம்முட்டு அறுவையை உலோகத் தகடும் திருகாணியும் இன்றியே செய்து, நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து அதன் பயனை ஏடுகளில் வெளியிட்டனர். தகடு இருந்தால் முட்டு நழுவாது. கழுத்துப்பட்டையை விரைவில் கழற்றலாம். தகடு இன்றேல் எலும்பு கூடும் வரை பட்டையோடு பொறுத்திருக்க வேண்டும். கழுத்தின் இயல்பான வளைவும் சிறிது குறையக் கூடும். ஆனால் செலவு பெரிதும் குறையும். பிற நாட்டு ஏடுகளில் கருவியின்றி அறுவை இல்லை என்னும் நிலை வந்த பின்னரும், ஏழை நோயாளியின் கைப்பணத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு முறையைக் காத்துவந்தது சிறிய காரியமன்று. அக்கல்லூரியிலேயே ஆரி சாக்கோவின் குழுவினர், பாரிஸில் பெர்னார்டு ஜார்ஜ் வகுத்த சாய்வெட்டு முறையில், எலும்பை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டி, முட்டும் இணைப்பும் இன்றியே தண்டுவடத்தை விடுவித்தும் உள்ளனர். முன்தூணில் பாதிக்கு மேல் நிற்பதால் அசைவு கெடுவதில்லை. ஆனால் கழுத்தின் பக்கவாட்டு இரத்தக் குழாய்க்கு அருகில் வேலை செய்வதால் கை தேர்ந்தவர்க்கே உரியது.

பின்வழி முறை வயதில் மூத்தது. நெருக்கடி மூன்று நான்கு இடங்களில் இருந்தால் முன்னே அத்தனையும் வெட்டுவது கடினம். ஆகவே பின்புறத்துக் கூரையை அகற்றிவிட்டால், தண்டுவடம் தானே பின்னே விலகித் தப்பித்துக்கொள்ளும் என்பது இதன் கருத்து. முதலில் கூரையை முற்றிலும் பெயர்த்தெடுத்தனர். பலர் நலமுற்றனர், ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருடைய கழுத்து அன்னத்தின் கழுத்துப்போல் முன்னே வளையலாயிற்று. காரணத்தை மூன்று தூண் கணக்கே சொல்லும். கூரையும் அதைப் பற்றிய தசைநார்களும் போனபின் பின்னிழுப்பு தளர்கிறது. பாரம் முன்தூணுக்கு நகர்கிறது. முன்தூணோ ஏற்கெனவே தேய்ந்தது. மூட்டுத் தூணையும் சேர்த்து வெட்டினால் கேடு விரைந்து வரும். மூட்டில் பாதிக்கு மேல் வெட்டலாகாது என்பதை 1990களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகள் உறுதி செய்தன. ஆகவே கூரையை எடுத்தபின் திருகாணியும் கம்பியும் கொண்டு பின்தூண்களைப் பிணைப்பதும் வழக்கமாயிற்று.

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். அவர்கள் நாட்டில் பின்தசைநார் எலும்பாகிவிடும் நோய் மிகுதி. அது பல எலும்புகளின் நீளத்துக்குப் படர்வதால் முன்வழி அறுவை அரிதாயிருந்தது. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரபயாஷி 1977இல் தொடங்கிய முறையில், கூரையின் ஒரு பக்கத்தை முற்றும் வெட்டி, மறு பக்கத்தை மெலிதாக்கி, கீல் வைத்த கதவைப்போல் அதைத் திறந்து நிறுத்தினர். குழல் அகலமாகிறது, கூரையும் நிலைக்கிறது. வேறு சிலர் நடுவே பிளந்து இரட்டைக் கதவாகத் திறந்தனர். தூண்கள் மூன்றும் இடத்தில் நிற்பதால் இணைப்பு வேண்டுவதில்லை. அண்டை மூட்டுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. ஆயினும் பிடரித் தசைகளை எலும்பிலிருந்து பிரிப்பதால், கழுத்தும் தோளும் சில மாதங்கள் வலிக்கும். அசைவும் ஓரளவு குறையும். நூற்றில் ஓரிருவர் முதல் ஐவர் வரை தோள் தூக்கும் வலு சில காலம் குறைவதும் உண்டு. இரண்டாம் எலும்பிலும் ஏழாம் எலும்பிலும் பற்றிய தசைகளைக் கழற்றாமல் விட்டால் வலி குறைவு என்பதைப் பின்னர்க் கண்டனர். பிடரித் தசையே தறிக்குழியில் குனிந்திருப்பவரின் தலையைப் பின்னிழுத்துப் பிடிக்கும் கயிறு என்று முன்னர்ச் சொன்னேன். ஆதலின் இச்சிறு வேற்றுமை நெசவாளர்க்குப் பெரிய வேற்றுமையாகும்.

பின்வழி முறை எல்லோர்க்கும் பொருந்தாது. கழுத்து இயல்பாகச் சற்றுப் பின்புறம் குழிந்து வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கூரை திறந்ததும் தண்டுவடம் பின்னே விலகும். கழுத்து முன்னே மடங்கியிருந்தால், விசைத்துக் கட்டிய பாவு மரத்தின்மேல் அழுந்திக் கிடப்பதுபோல் தண்டுவடம் முன்புற முள்ளின்மேலேயே அழுந்திக் கிடக்கும். பின்னே எத்தனை இடம் கொடுத்தாலும் நகராது. இரண்டாம் எலும்பின் மட்டத்தில் குழலின் நடுவிலிருந்து ஏழாம் எலும்பின் மட்டத்தில் குழலின் நடுவரை படத்தில் ஒரு கோடு கிழித்து, நெருக்கும் எலும்பு அக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் முறையை ஜப்பானியர் 2008இல் வெளியிட்டனர். தாண்டினால் பின்வழி மட்டும் போதாது.

முன்னா பின்னா என்ற வழக்கைத் தீர்க்க வட அமெரிக்காவின் 15 மருத்துவமனைகள் சேர்ந்து 163 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. எவ்வழியும் ஏற்கும் நிலையில் இருந்தோரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். ஓராண்டுக்குப் பின் உடல் நலத்தில் இரு சாராருக்கும் குறிப்பிடத் தக்க வேற்றுமை இல்லை. ஆனால் முன்வழி பெற்றவரில் நூற்றுக்கு 48 பேருக்கும் பின்வழி பெற்றவரில் 24 பேருக்கும் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது. முன்வழிச் சிக்கலில் பெரும்பகுதி விழுங்குவதில் இடர்ப்பாடு. அதில் பெரும்பாலானவை தாமே தணிந்தன. பின்வழியில் கதவு முறை பெற்றவர்களின் பயன் நன்றாகவே இருந்தது; ஆனால் அவர்களுக்கு அம்முறையைத் தேர்ந்தது மருத்துவரேயன்றிச் சீட்டு அன்று என்பதால் அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள இயலாது.

மும்பையில் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய அதுல் கோயல் இவ்வழக்கையே தலைகீழாக்கினார். நோயின் வேர் நெருக்கமன்று, மூட்டுகளின் தளர்ச்சியே என்பதும், முள் வளர்வது தளர்ச்சியைத் தடுக்க உடல் செய்யும் முயற்சி என்பதும் அவர் கொள்கை. ஆகவே எலும்பை வெட்டாமல் பின்தூண் மூட்டுகளைத் திருகாணியால் பிணைத்தாலே போதும் என்கிறார். பெரும்பாலோர் இதை இன்னும் ஏற்கவில்லை. என் போன்றவர் தீர்ப்புச் சொல்லத் தக்கதுமன்று. எனினும் தூண்களின் கணக்கு இன்னும் முடிவடையவில்லை என்பதற்கு இது சான்று.

பெரியவர் கதைக்கு வருவோம். அவருக்கு நெருக்கடி மூன்று இடங்களில். கழுத்தின் வளைவு கெடவில்லை. கோட்டை எலும்பு தாண்டவில்லை. இரண்டாம் மருத்துவரிடம் குடும்பத்தாரோடு நானும் சென்றேன். அவர் நெசவாளர், நாள் முழுதும் குனிந்து வேலை செய்பவர் என்பதை அதுவரை யாருமே மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னதும் மருத்துவர் சற்று யோசித்து, மூன்று நிலைகளை முன்னே இணைத்தால் குனிவதன் சுமை முழுதும் மீதியுள்ள மூட்டுகளில் விழும் என்றும், கதவு முறையே தக்கது என்றும், பிடரித் தசையைக் காத்துச் செய்வதாகவும் கூறினார். தலைச்சுமைக்காரர் ஒருவர் கழுத்து மடங்கி வந்திருந்தால் அவரே முன்வழியைச் சொல்லியிருப்பார். நோயாளியின் தொழிலைக் கேட்காத மருத்துவரிடம் நாமாகவே தொழிலைச் சொல்லிவிட வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு இடமுண்டு. எந்த அறுவைக்கு எவ்வளவு என்பதையும், தகடு, திருகாணி விலை அதில் அடங்குமா என்பதையும் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் சேருமுன்னரே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அரியலூரில் 2022 சனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதற் சோதனைக்கு அங்கே செல்லலாம். அறுவை வேண்டுமாயின் திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ சென்னைக்கோ எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அறுவை முடிந்து ஆறு மாதத்தில் அவர் சுவரைப் பிடிக்காமல் படியேறினார். கை முழுதும் திரும்பவில்லை. தண்டுவடம் நெடுநாள் நசுங்கிக் கிடந்தால், விடுவித்த பின்னும் ஒரு பகுதி மீள்வதில்லை. அவர் காத்திருந்த ஓராண்டு அவருக்கு முடிச்சிடும் விரல்களை விலையாகக் கேட்டது. என் குறிப்பால் நின்ற இரண்டு மாதமும் அந்த ஓராண்டுக்குள்தான் அடங்கும். இப்போது தறியில் மகன் அமர்கிறார். பெரியவர் தார் சுற்றுகிறார். கை மூடி விரிக்கும் சோதனையை அண்மையில் செய்து பார்த்தோம். 17 வந்தது.

ஆட்சேபணைக் குறிப்பை அடுத்த அறிக்கையிலேயே நீக்கி எழுதினேன். சென்ற பங்குனியில் சங்கத்துக்குச் சென்றபோது செயலாளர் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பங்குப் பதிவேட்டில் உள்ள தம் மாதிரிக் கையொப்பத்தை மாற்றிப் பதிந்துகொள்ளும்படி பெரியவர் கேட்டிருந்தார். விண்ணப்பத்தின் கீழே புதிய ஒப்பம் மூன்று முறை இடப்பட்டிருந்தது. எழுத்துக்கள் பெரியவை, சற்றே சாய்ந்தவை. மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.